வடிவக்கா பலகை

மண் சரிகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையை முதுகிலிருந்து பதனமாக இறக்கி வைத்தால் வருமே, பொத்தென்றுகூட இல்லாமல், மூட்டையும் தரையும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டமாதிரி, அவ்வளவுதான் அது. சங்கரவடிவு அதை ஒரே ஒரு தடவை கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில், ஐப்பசி மாதம், காலை பத்தரை மணிக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ சத்தம் கேட்டாகிவிட்டது. கல்யாணத்து மேளம், அம்மா இறந்த வீட்டில் அழுகை, மழைக்காலத்தில் தாமிரபரணி பாலத்தடியில் போகிற இரைச்சல். எதுவும் தங்கவில்லை, அந்த மூட்டை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இப்போது வண்ணார்பேட்டையில் மூன்றாம் மாடி ஆபீசில், ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், கம்ப்யூட்டர் பார்க்கிற ஷகிலா பிரிண்டர் பேப்பர் கட்டைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள். அதே சத்தம் இல்லை, அதற்குப் பக்கத்து வீட்டுச் சத்தம். வடிவுக்கு வலது உள்ளங்கையில் ஒரு சுண்டு சுண்டி அடங்கியது. "என்னக்கா, இன்னும் டப்பாவத் தெறக்கலையா? மெஷினுக்கு வயிறு கெடையாது, நமக்கு இருக்குல்லா," என்றாள் ஷகிலா. "தெறக்கேன் தெறக்கேன்," என்று வடிவு டப்பாவின் மூடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மூடி குளிர்ந்திருந்தது. உள்ளே தயிர்சாதம், நார்த்தங்காய். ரெண்டு மணிக்கு அவள் சொல்லியாக வேண்டும்.

என்ன சொல்வது. கட்டாத கட்டடத்துக்கு விலை சொல்வதுதான் முப்பத்திரண்டு வருஷமாக அவள் வேலை. வரைபடத்தில் கோடாக இருக்கிற சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கொத்தனார் எத்தனை நாள், எல்லாம் சொல்லிவிடுவாள். வேலை நடக்கும்போது சொன்ன கணக்கைத் தாண்டாமல் பிடித்து வைப்பதும் அவள்தான். ஆனால் தனக்கு நடந்ததை ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. காலையில் கோமதிநாயகம் கூப்பிட்டான். பழைய முதலாளியின் மகன், இப்போது அவன்தான் முதலாளி, அரைக்கால் சட்டையோடு ஆபீசுக்கு வந்து அவள் ஸ்கேலை எடுத்து விளையாடியவன், இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. மேஜையில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். புதிதாக வாங்கிய புரோகிராம். எஸ்டிமேட்டைப் போட்டால் எந்த வரி ஊர் விலைக்கு மேலே இருக்கிறதோ அதைச் சிவப்பாக்கிக் காட்டும். கோவில்பட்டிப் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றுக்குத் தரைக்கடியில் தண்ணீர்த்தொட்டி, ஒரு கோடியே எண்பத்துநாலு லட்சம், அவள் போன வாரம் போட்டுக் கொடுத்தது. நாலு வரி சிவப்பு. மணல் சேதாரம், கட்டடத்துக்குத் தண்ணீர், காவலாள் சம்பளம், தளம் காயாமல் ஈரத்தோடு போர்த்துகிற சாக்கு. "அக்கா, இது மட்டும் இல்ல. நம்ம பழைய வேலை பதினேழையும் இதுல போட்டுப் பாத்தேன். எல்லாத்துலயும் மணலுக்கு அஞ்சு சதவீதம் சேதாரம். ஊரே மூணு போடுது. நம்ம மணல் மட்டும் எங்கக்கா போவுது, கடலுக்கா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவன் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, மெதுவாக, "யாருக்குக்கா போவுது?" என்றான். "நான் உங்களச் சொல்லல. மணல் குடுக்கவன், லாரிக்காரன்… எவனாவது இருப்பான்லா." அவள் வாயைத் திறந்தாள். மின்விசிறிக் காற்று நாக்கில் பட்டது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "சாப்பிட்டுட்டு நிதானமா ரெண்டு மணிக்கு வந்து சொல்லுங்க. மூணு மணிக்கு டெண்டர் ஏத்தணும். ஒண்ணு, அது எதுக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா அந்த மூணு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தையும் உருவிட்டு ரேட்ட எறக்கிருவோம்."

யாருக்குப் போகிறது. அவள் ஒரு பைசா தொட்டதில்லை, அது கோமதிக்குத் தெரியும், தெரிந்துதான் 'உங்களச் சொல்லல' என்றான், சொல்லல என்று ஒருத்தன் சொன்னால் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். உருவிவிட்டால் உருவட்டும். பணம்தானே. ஆனால் அது மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை, காவலாளும் இல்லை. அது பலகை. ஆழமாகக் குழி வெட்டும்போது பக்கத்து மண் உள்ளே சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் அடைக்கிற பலகை, அவற்றுக்குக் குறுக்கே கொடுக்கிற முட்டு, அதை வாடகைக்கு எடுக்கிற, ஏற்றி இறக்குகிற, அடைத்துப் பிரிக்கிற செலவு. அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதினால் முதல் வெட்டு அதற்குத்தான் விழும். அந்த ஓட்டப்பிடாரத்து வேலைக்குப் பிறகு அடுத்து வந்த எஸ்டிமேட்டில் தைரியமாகத் தனி வரியாக எழுதினாள், பெரிய அண்ணாச்சி, கோமதியின் அப்பா, சிவப்புப் பேனாவால் ஒரே இழு. "இதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கிடுவாம்மா." அன்றைக்கே ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டுச் செலவிலிருந்து பிடித்துக் கடுகு டப்பாவில் காசு போட்டு வைக்கிற கைதானே. மணலில் கொஞ்சம், தண்ணீரில் கொஞ்சம், சாக்கில் கொஞ்சம். வேலை நடக்கும்போது மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, "சாக்குல மிச்சம் கெடக்கு, பலகை எடுத்துக்கிடுங்க, அடைச்ச பெறவுதான் ஆளு உள்ள எறங்கணும்," என்பாள். அவர்கள் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. கட்டட வேலை செய்கிறவர்கள் மத்தியில் அதற்குப் பெயரே ஆகிவிட்டது. ஒருநாள் களத்தில் யாரோ கத்துவது அவள் காதிலேயே விழுந்தது: "ஏலே, குழிக்குள்ள குதிச்சிராத, மொதல்ல வடிவக்கா பலகையப் போடு!" அந்த மேஸ்திரி அவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கேட்காததுபோல அளவுப் புத்தகத்தைப் புரட்டினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷமா துக்கமா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. பலகைக்கு அவள் பெயர் வைத்துவிட்டார்கள். எவள் பெயரை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு துணிக்கடை எழும்புகிறது. நேற்றுப் போட்ட தளத்துக்கு ஒருத்தி குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் விளிம்பு வழியாக வழிந்து கீழே மணல் குவியலைக் கரைக்கிறது. முப்பதடிக்கு இருபது, அறுநூறு சதுர அடி, கண் தானாக அளந்துவிடும், கோயிலுக்குப் போனால் தூணை அளக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கூரையை அளந்தது. கண்ணுக்கு அளக்கத்தான் தெரியும். அன்றைக்கும் அளந்தது. சித்திரை மாதம், கத்திரி வெயில், சோதனைக் குழி வெட்டிப் பார்க்கப் போயிருந்தார்கள். ஆறடிக் குழி. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெட்டினால் வெட்டின இடத்தில் கல்சுவர்மாதிரி நிற்கும். குழிக்குள் இறங்கிப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள், கை வலித்தது. இருபத்தொன்பது வயது, டிப்ளமோ படித்துவிட்டு ஆம்பளைகளுக்கு நடுவில் டேப் பிடிக்கிற கர்வம். அந்த மண்ணே ஐப்பசி மழையில் வெண்ணெய் ஆகும் என்று கரிசல் காட்டில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். அவள் ஆற்றங்கரைக்காரி, வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள், கரிசலை அந்தச் சித்திரையில்தான் முதல்முதலாகத் தொட்டாள். வேலை எந்த மாதம் நடக்கும் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீசுக்கு வந்து எழுதினாள்: 'சோதனைக் குழியின் பக்கங்கள் சரியாமல் நிற்கின்றன. முட்டுப் பலகை தேவையில்லை.' தேவையில்லை. நீலப் பேனா. 'த'வுக்குக் கீழே வால் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது, அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள். பெரிய அண்ணாச்சி படித்துவிட்டு, "பொம்பளப் பிள்ள கணக்குன்னா இதாம்வே, நயா பைசா வீண் கெடையாது," என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். ஒரு வாரம் நடை மாறியிருந்தது அவளுக்கு. தேவையில்லை.

குருசாமி மேஸ்திரி புரட்டாசிக் கடைசியில் மழையோடு வந்தார். நாற்பத்திரண்டு வயதிருக்கும், கயத்தாறுக்காரர், தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார், உள்ளே வந்தால் தரை ஈரமாகும் என்று வரவில்லை. "தாயி, ஊறிப்போச்சு. பலகை கொஞ்சம் வேணும்." அவள் ஃபைலை எடுத்துக் காட்டினாள். "எஸ்டிமேட்ல இல்லையே மேஸ்திரி." அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அவள் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார், தாடியிலிருந்து ஒரு சொட்டு அந்தத் தாளில் விழப் பார்த்தது, பின்னால் நகர்ந்துகொண்டார். "அப்ப மேல அகலமா, சரிவா வெட்டிக்கிடட்டா? சரிவா வெட்டுனா நிக்கும்." நல்ல யோசனை. நியாயமான யோசனை. "சரிவா வெட்டுனா மண்ணு கூட வரும்லா மேஸ்திரி. கூட வெட்டுன மண்ணுக்கு அளவு தர மாட்டாங்க. உங்க கைக்காசுதான் போவும்." அவள் அக்கறையோடுதான் சொன்னாள். சத்தியமாக அக்கறைதான். "அது சரி. படிச்சவங்க போட்ட கணக்கு," என்றார். குத்தலா, நம்பிக்கையா? அந்தக் குரலை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறாள், இந்தப் பக்கம் திருப்பினால் குத்தல், அந்தப் பக்கம் திருப்பினால் நம்பிக்கை, நம்பிக்கைதான் அதிகமாகக் குத்துகிறது. குடை இருக்கிறதா என்றாவது கேட்டாளா. கேட்கவில்லை. சாக்கைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

"அக்கா, சாதம் காயுது," என்றாள் ஷகிலா. அவள் மீன் குழம்பின் மணம் அறை முழுக்க வந்துவிட்டது. "உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சின்ன மொதலாளி ஏதும் சொன்னாரா? அந்த மெஷின நம்பாதிய, நேத்து என் பேர 'சகலை'ன்னு மாத்திட்டு, எங்க வீட்டுக்காரர் கேட்டா அம்புட்டுதான்." வடிவு சிரித்தாள். ஷகிலாவிடம் சொல்லிவிடலாமா, ஒரு ஒத்திகைமாதிரி. இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவள், நாளைக்கும் கூப்பிட வேண்டும். ஒரு வாய் சாதம் எடுத்து வைத்தாள். நார்த்தங்காயின் கசப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஏறியது. அன்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் போனாள், ஓட்டப்பிடாரம் பஸ் ஆறு மணிக்கு. மழை விட்டிருந்தது, அதுதான், மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது, மேலே காய்ந்த பொருக்குத் தட்டியிருந்தது. குழி பன்னிரண்டடி போயிருந்தது, நேர் செங்குத்தாக, கத்தியால் வெட்டின கேக் மாதிரி. வெட்டின அளவை எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள், அளவு எடுத்தால்தான் ஆட்களுக்குச் சம்பளம். டேப்பின் முனையை அடியில் ஒருத்தர் பிடிக்க வேண்டும். பூல்பாண்டி இறங்கினான். இருபத்துநாலு வயது, மஞ்சள் பனியன், முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து, "பூஜ்யத்த நான் பிடிச்சிக்கிட்டேன், மிச்ச நம்பரெல்லாம் நீங்க வச்சிக்கிடுங்கக்கா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள், குருசாமிகூட. அவள் டேப்பைப் பார்த்தாள். பன்னிரண்டடி இரண்டு அங்குலம். புத்தகத்தில் எழுதக் குனிந்தாள். எழுதிவிட்டாள், இரண்டு என்பதுவரை எழுதிவிட்டாள். அரிசி மூட்டை இறங்கியது. கையிலிருந்த டேப் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தது, தூண்டிலில் மீன் இழுக்கிறமாதிரி. பிறகு இழுக்கவில்லை.

ஒரு கன மீட்டர் ஈரக் கரிசல் பதினெட்டு குவிண்டால். முப்பத்தாறு அரிசி மூட்டை. அன்றைக்குச் சரிந்தது இரண்டு கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. எப்படித் தெரியும் என்றால், போலீஸ் விசாரணைக்குக் கணக்கு வேண்டும் என்றார்கள், அவள்தான் அளந்தாள், நீளம் அகலம் ஆழம், கண் அளந்தது, கை எழுதியது. எழுபத்திரண்டு மூட்டை. குருசாமி மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் தோண்டினார், மண்வெட்டி பட்டுவிடுமே என்று. நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம். முக்கால் மணி நேரம். அவன் கையில் டேப்பின் முனை இருந்தது, விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். இல்லை, அதற்குள் போகவேண்டாம். இன்றைக்கு அதற்குள் போகவேண்டாம். இன்றைக்கு வேறொன்று இருக்கிறது, பலகை பற்றிக் கேட்டால் பலகையோடு நிற்காது, இழுத்தால் பின்னாலேயே வரும், இத்தனை வருஷம் அவள் வாயை அடைத்தது பூல்பாண்டி இல்லையே. தப்பாகக் கணக்குப் போடாத ஆள் உண்டா. இருபத்தொன்பது வயசு, தெரியவில்லை, என்று அவள் தன்னைக் கும்பிட்டுக் கேட்டு என்றோ மன்னித்திருப்பாள். அதற்கு மூன்றாம் நாள் நடந்தது அது. பெரிய அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது, கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் கஷ்டம். "வடிவு, அந்தப் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிரும்மா. கம்பெனி போச்சுன்னா எம்பது குடும்பம் தெருவுல நிக்கும். உனக்கும் மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்காவ. பேப்பர்ல ஒம் பேரு வரணுமா?" அவள் உட்கார்ந்து எழுதினாள். அதே பேனா, அதே மாதிரித் தாள். 'மழைக்காலமானால் தேவைக்கேற்ப முட்டுப் பலகை அடைத்துக்கொள்வது மேஸ்திரியின் பொறுப்பு.' இந்தத் தடவை எழுத்து ஒன்றுகூட நீளவில்லை. பழைய தாளை அவரே கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். குருசாமிக்குப் படிக்கத் தெரியாதே. கோர்ட்டில் அதைக் காட்டினார்களாம். "அந்தத் தாளத்தான் அந்தம்மா எனக்குக் காட்டுனாங்க. பலகை இல்லன்னு சொன்னாங்க," என்றாராம். காட்டின தாள் இதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். இதுதான் என்றிருக்கிறார். ஆறு மாதம் ஜெயில். அவளைச் சாட்சிக்கே கூப்பிடவில்லை.

ஒன்றரை மணி. செல்போன் துடித்தது. வீட்டுக்காரர் செல்லையா, போக்குவரத்து டெப்போவில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். "ஏட்டி, மாவு அரைக்க உளுந்து எவ்வளவு போடணும்? நாலுக்கு ஒண்ணா, அஞ்சுக்கு ஒண்ணா?" "நாலுக்கு ஒண்ணு." "வெந்தயம்?" "ஒரு கரண்டி." "ஏன் கொரல் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்." இருபத்தேழு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிற மனுஷர், அவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார், 'போகட்டும்டி' என்பார். போகட்டும் என்று சொல்லப் போகிறவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது. சரி, கணக்குப் போடு, உனக்கு அதுதானே தெரியும். சொல்லாவிட்டால்: மணல் திருடி என்ற பெயர், நாலு மாதத்தில் ஓய்வு, மாலை போட்டு ஒரு குத்துவிளக்கு கொடுப்பான், மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வான். அது தாங்கும். திருடி என்பது அவள் செய்ததைவிடச் சின்னப் பெயர். ஆனால் சொல்லாவிட்டால் பலகையும் போகும். அந்தத் தொட்டி பதினைந்தடி. கரிசல். டெண்டர் முடிந்து கையெழுத்தாகி வேலை தொடங்கும்போது என்ன மாதம்? விரலை மடித்தாள். ஆவணி, புரட்டாசி. ஐப்பசி. விரல் அங்கேயே நின்றுவிட்டது. எவனோ ஒருத்தன், இன்னும் பெயர் தெரியாதவன், கோவில்பட்டியிலோ எட்டயபுரத்திலோ இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பான். சொன்னால்: பலகையை மட்டும் சொல்ல முடியுமா? பலகை நல்லது தம்பி, பத்திரம் தம்பி, என்று சொன்னால் அவன் கேட்பான், அப்ப ஏன் ஒளிச்சி வச்சீங்க. அப்பா வெட்டிவிடுவார் என்று. அப்பா ஏன் வெட்டினார். ஏனென்றால் அதை ஒத்துக்கொண்டால் முன்னால் போட்டிருக்க வேண்டும் என்று ஆகும். முன்னால் ஏன் போடவில்லை. இப்படி ஒரு முழத்துக்குள் அவளிடம் வந்து நின்றுவிடுவான். பொய் சொல்லலாம். எஞ்சினியரிங் விதி என்று ஏதாவது. விதி எல்லாம் எப்போதும்தான் இருந்தது, அதை யார் பார்த்தார்கள். டப்பாவில் பாதி மிச்சம். கையைக் கழுவினாள். தண்ணீர் முழங்கைவரை ஓடிப் புடவையை நனைத்தது. எதிர்க் கட்டடத்தில் தண்ணீர் விட்டவள் குழாயைச் சுருட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்து தலைவிரித்துக் கோதிக்கொண்டிருந்தாள். குருசாமிக்கு இப்போது எழுபது இருக்கும். இருந்தால். ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. கயத்தாறு வழியாக எத்தனை பஸ்ஸில் போயிருக்கிறாள், அந்த ஸ்டாப் வரும்போதெல்லாம் கைப்பையில் எதையோ தேடுவாள். சில்லறை, மாத்திரை, ஒன்றுமில்லாததை.

ரெண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்துவிட்டாள், உட்கார்ந்திருந்தால் எழ மாட்டோம் என்று. கோமதிநாயகம் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டிருந்தான், அப்பாவின் பழக்கம்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"நிக்கேன் தம்பி. அது மணல் இல்ல. பலகை."

"எந்தப் பலகை?"

சொன்னாள். பலகையில் ஆரம்பித்தாள், அவள் பயந்தபடியே அவன் ஒவ்வொரு 'ஏன்'னாகப் பின்னால் வந்தான், மூன்றாவது ஏனிலேயே அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். தாளை மாற்றி எழுதியதைச் சொல்லும்போது மட்டும் அவன் கண்ணைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. அவன் வெற்றிலையை மெல்லாமல் ஒரு கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான்.

"எங்கப்பாவா?"

"எழுதுனது நான்."

"எழுதச் சொன்னது?"

அவன் எழுந்து போய்த் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான், அந்த நாலு சிவப்பு வரியையும்.

"இத வச்சிக்கிட்டுப் போனா நமக்கு இந்த வேலை கெடைக்காதுக்கா. தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொல்லுதீங்களா? என்கிட்ட, விதின்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேம்லா. எதுக்கு இம்புட்டையும் சொன்னீங்க?"

"யாருக்குப் போவுதுன்னு கேட்டீங்கள்லா தம்பி."

அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். அப்படித் தேய்க்கும்போது அப்பாவாகவே இருந்தான். கையை எடுத்துவிட்டு, "மணல் மூணு சதவீதம் போடுங்க. சாக்கு, தண்ணி, காவல், எல்லாத்தையும் ஊர் விலைக்கு எறக்குங்க. பலகைக்குத் தனி வரி போடுங்க, அத வெட்ட மாட்டேன்," என்றான். அவள் எழுந்தாள். "அக்கா. ஒண்ணு மட்டும். இது இந்த ரூமோட இருக்கட்டும். அப்பா இப்ப இல்ல."

"குருசாமி இருந்தா அவருக்குச் சொல்லணும் தம்பி."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"அவருக்குக் கடுதாசி எழுதிப் போட்டுருவேன்."

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஷகிலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏத்திரலாமாக்கா? நாப்பது நிமிசந்தான் இருக்கு," என்றாள். "ஒரு வரி புதுசா இருக்கு, நான் சொல்லச் சொல்ல அடி," என்று வடிவு அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மண் சரியாமல் குழியின் இரு பக்கமும் பலகை அடைத்து முட்டுக் கொடுத்தல், பதினைந்தடி ஆழம்வரை. சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கடைக்குச் சாமான் சொல்வதுபோல. தொகையைச் சொல்லும்போது ஷகிலா திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தாள். இத்தனை வருஷம் ஒளிந்து கிடந்தது வெளிச்சத்தில் இவ்வளவு சின்னதாக, ஒன்றரை வரியாக இருக்கிறதே என்று இருந்தது வடிவுக்கு. லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. லேசாகவில்லை. பசித்தது.

டெண்டர் வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. இவர்கள் விலை கீழேயிருந்து மூன்றாவது. ஜெயித்தவர்கள் பலகை போட்டார்களா என்று வடிவுக்குத் தெரியாது. ஐப்பசியில் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் வேலியோரம் நின்று பார்த்தாள், தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். பேப்பரில் எதுவும் வரவில்லை. ஓய்வு பெறுகிற அன்று கோமதிநாயகம் மாலை போட்டான், போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றான். அதற்கு மறுநாள், ஆபீசின் பழைய பதிவேட்டில் குறித்து வைத்திருந்த குருசாமியின் கயத்தாறு விலாசத்துக்குக் கடிதம் எழுதினாள், நாலு பக்கம், நடந்ததை நடந்தபடி, கீழே போன் நம்பரோடு. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசாமியின் மகள் பேசினாள். கோபமில்லாத, களைத்த குரல். கடிதத்தை அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் வைத்து வாய்விட்டுப் படித்ததாகச் சொன்னாள். போன மாசிக்கு மூன்று வருஷம் ஆகிறதாம் அவர் போய். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவரை யாரும் மேஸ்திரியாக வைத்துக்கொள்ளவில்லை. அறுபத்தாறு வயதுவரை, அவர் தொழில் கற்றுக்கொடுத்த கொத்தனார்களுக்கே கையாளாக நின்று, கல்லும் மண்ணும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.